பத்து நிமிடத்தில் ஒரு ஸ்பீக்கரை அறிய முடியுமா?

இலங்கையின் வன்னியில், மாங்குளத்தில் வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். ஜேர்மனியில் இருக்கும் அத்தான் அவரை வியன்னாவில் நடக்கும் ‘ஹை எண்ட்’ ஒலிச்சாதனக் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறாராம். அங்கே ஓர் அறையில் பத்து நிமிடம் இருந்து கேட்டால் ஒரு ஸ்பீக்கர் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமா? வீடு வாங்கும் காசு சொல்கிற பெட்டிகளுக்கு அந்தப் பெறுமதி உண்மையிலேயே உண்டா? திரும்பும்போது மாங்குளத்து ஹோலுக்கு ஒரு சோடியைத் தெரிவு செய்துகொண்டு வரலாமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் நல்லதை அறிய முடியாது. கெட்டதை அறியலாம். நூறு அறைகளில் எண்பதைக் கழித்துவிட்டு வந்தாலே பயணக் காசு வீண் போகவில்லை. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

நான் புதுக்குடியிருப்பில் நீண்டகாலம் ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவன். கோவில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, சாவீடு என்று குழாய் ஸ்பீக்கர் கட்டாத மரம் அந்தப் பக்கத்தில் குறைவு. தங்கை மியூனிக்கில் இருக்கிறாள். அவளிடம் போன இரண்டு தடவையும் மே மாதமாக அமைந்ததால், இதே கண்காட்சியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 2004 முதல் 2025 வரை அது மியூனிக்கின் எம்.ஓ.சி. மண்டபத்தில்தான் நடந்தது, 2026 முதல் வியன்னாவுக்கு மாறியிருக்கிறது. 500 அளவில் நிறுவனங்கள், 20,000க்கு மேற்பட்ட ஆட்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குக் கூடும் சனத்தைப் பார்த்த எனக்கு இது பெரிய கூட்டமாகத் தெரியவில்லை. ஆனால் வற்றாப்பளையில் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு பாட்டு ஓடுவதில்லை.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி தானாகவே வாய்த்திருக்கிறது. விடியப்புறம் வயலில் நிற்கிறோம். அரை மைலுக்கு அப்பால் கோவிலில் மேளம் கேட்கிறது. மேளகாரர் வாசிக்கிறாரா, அல்லது ஐயர் வருவதற்கு முன் போட்டுவிடும் ஒலிப்பதிவா என்பது ஒருவரையும் கேட்காமலே எங்களுக்குத் தெரிந்துவிடும். எதை வைத்துத் தெரிகிறது? குழாய் ஸ்பீக்கர் ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸிலிருந்து 6,000 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வு) வரைதான் ஒழுங்காகக் கொடுக்கும். தவிலின் தொப்பி என்ற இடப்பக்கத்தில் பூவரசங் கழி விழும்போது எழும் அடித்தொனி அதற்குக் கீழே போய்விடுகிறது. வலந்தலை என்ற வலப்பக்கத்தில் விரற்கூடு படும் கணத்துக் கூர்மை மேலே தப்பிவிடுகிறது. ஆனால் அரை மைல் தூரத்தில் மேல் ஒலியைக் காற்றே தின்றுவிடும். அப்படியிருந்தும் காது ஏமாறுவதில்லை. காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஏற்ற இறக்கம்தான். உண்மைத் தவில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மௌனத்தைத் தொட்டுவிட்டு எழும்பும். அம்பிளிபயரை முடிந்தமட்டும் முறுக்கிவிட்ட ஒலிப்பதிவில் எல்லா அடியும் ஒரே உயரத்தில் நிற்கும், வெட்டிவிட்ட வேலி மாதிரி.

இந்தக் காதைத்தான் வியன்னாவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். அறைக்குள் நுழைய முன், வாசலுக்கு வெளியே அரை நிமிடம் நில்லுங்கள். பெட்டியைப் பார்க்கவேண்டாம். உள்ளே ஒரு மனிதர் பியானோ வாசிக்கிறார் என்று ஒரு கணமாவது நம்பத் தோன்றுகிறதா? மியூனிக்கில் ஒரு மாடி முழுவதும் இப்படி நடந்தேன். இரண்டே இரண்டு வாசலில் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அதில் ஒன்றில், தோடம்பழப் பெட்டியளவு ஸ்பீக்கர்கள் மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அறைக்குள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். எதிர் அறையில் ஆள் உயரக் கோபுரங்களுக்கு முன்னால் இருக்க இடமில்லாமல் சனம் நின்றது. வாசலில் நின்று கேட்டால் அது ஒலிப்பதிவு என்று குழந்தைக்கும் தெரியும்.

உள்ளே போனால் உங்களை ஏமாற்றப் போகும் முதல் ஆள் அறைதான். விற்பனையாளர்மீது பழியைப் போட அவசரப்படாதீர்கள். மியூனிக் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பலகையால் அடைத்த தற்காலிகக் கூடுகளும் மேலே கண்ணாடிச் சுவர் வைத்த அறைகளும் இருந்தன. கண்ணாடிச் சுவருக்கு முன் பாட்டுக் கேட்பது, தகரக் கொட்டகைக்குள் மழையில் பேசுவதைப் போன்றது. அவர்களும் அது தெரிந்து திரைகளையும் தடித்த பஞ்சுப் பலகைகளையும் கட்டிவைக்கிறார்கள். பேச்சுக் குரலுக்கு அது ஓரளவு உதவும். தாழ்ந்த ஒலிக்கு உதவாது. 20 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 17 மீற்றர் நீளம். நாலு விரல் தடிப்புள்ள பஞ்சு அதை என்ன செய்யும்? நீளம் 6 மீற்றர் உள்ள அறையில் 29 ஹேர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் ஒலி நின்று முழங்கும். அதே அறையில் நடுக் கதிரைக்கும் சுவரோரக் கதிரைக்கும் இடையில் பேஸ் எனப்படும் இந்தத் தாழ்ந்த ஒலி இரு மடங்காகத் தோன்றலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே கண்காட்சியில் பேஸ் பற்றி எந்த முடிவையும் எடுக்கவேண்டாம். நீங்கள் கேட்கும் பேஸில் பாதிக்கு மேல் அந்தக் கட்டடத்துக்குச் சொந்தமானது. அதை அவர்கள் உங்களுக்கு விற்கப்போவதில்லை.

அறைக்குள் இருக்கும் ஆட்களும் ஒலியை மாற்றுவார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு மத்தியானம் வெறும் மண்டபத்தில் செற் பண்ணும்போது ஒலி சில்லென்று காதைக் குத்தும். மேல் ஒலியைக் குறைத்துவிட்டு வந்தால், பின்னேரம் பெற்றோர் வந்து நிறைந்ததும் அதிபரின் பேச்சு மெத்தைக்குள் இருந்து வருவதுபோல் மந்தமாகிவிடும். மனித உடம்பும் உடுப்பும் மேல் ஒலியை விழுங்குகின்றன. இரண்டு மூன்று விழா கெட்ட பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. எனவே ஓர் அறை உங்களுக்குப் பிடித்துவிட்டால், சனம் நிறைந்த நேரத்தில் ஒரு தரமும் காலை கதவு திறந்தவுடன் ஒரு தரமும் போங்கள். இரண்டு நேரமும் குரல் குரலாகவே இருக்கும் பெட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஏமாற்று, சத்தம். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று ஒரு டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடச் சத்தமாக ஓடினாலும் அதுவே தெளிவு, அதுவே உயிருள்ளது என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிடும். சத்தம் கூடியிருப்பதை மனம் கவனிக்கவே கவனிக்காது. மெல்லிய சத்தத்தில் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் குறைவாகவே எட்டும் என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஒலியைத் திருகிவிடும் விற்பனையாளருக்கு அந்தக் கட்டுரை தெரிந்திருக்கத் தேவையில்லை, கைக்குத் தெரியும். உங்கள் தொலைபேசியில் ஒலியளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். அது காட்டும் எண் சில டெசிபெல் பிழையாக இருக்கலாம், பரவாயில்லை. எல்லா அறையிலும் ஒரே பிழைதான் வரும். உங்கள் கதிரையில் 75 அளவுக்குக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள். சத்தத்தைக் குறைத்ததும் செத்துப்போகிற ஸ்பீக்கர் வீட்டுக்கு உதவாது, ஏனென்றால் இரவு பத்து மணிக்குப் பிள்ளை நித்திரையாகிய பிறகு நீங்கள் கேட்கப்போவது அந்தச் சத்தத்தில்தான்.

காதையும் காப்பாற்றவேண்டும். அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் அளவின்படி 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கலாம். 94 என்றால் ஒரு மணி நேரம். 100 என்றால் 15 நிமிடம். சில அறைகள் அந்தக் கால்மணி நேரத்தை இரண்டே பாட்டில் முடித்துவிடும். அதன் பிறகு கேட்கும் எல்லாம் மந்தமாகவே தெரியும். அடுத்த அறைக்காரரின் பிழை என்று நினைப்பீர்கள். என்னிடம் கேட்டால், குழாய்க்கு அடியில் நின்றே வலது காதில் பாதியைத் தொலைத்தவன் நான்.

கண்ணையும் நம்பவேண்டாம். ஃபிளாய்ட் டூல், ஷான் ஒலிவ் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒரு தரமும் கண்ணுக்கு முன்னால் வைத்து ஒரு தரமும் கேட்கச் செய்து மதிப்பெண் போடவைத்தார்கள். அந்த முடிவுகள் 1994இல் வெளிவந்தன. பெட்டி தெரிந்ததும் புள்ளிகள் மாறின. பழகிய காதுக்காரர்களும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. பளிங்குபோல் மினுக்கிய மரமும் மின்குமிழ் வெளிச்சமும் காதுக்குள் போய் இருந்துகொண்டு வாக்குப் போடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்பது வெட்கமான காரியம் இல்லை. அங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். சிலர் உண்மையாகவே நித்திரை.

இனிப் பாட்டு. அறைகளில் ஓடும் பாட்டுகளைக் கொஞ்ச நேரத்திலேயே இனம்கண்டுவிடுவீர்கள்: ஒரு பெண் குரல், ஒரு கிற்றார், ஒரு பெரிய பேஸ் வாத்தியம், இடையிடையே நிறைய மௌனம். அப்படி எடுத்த ஒலிப்பதிவு எந்தப் பெட்டியிலும் அழகாக இருக்கும். உங்கள் பாட்டை நீங்களே பென் டிரைவில் கொண்டுபோங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்கு வெட்டி. நான் மூன்றைக் கொண்டுபோனேன். முதலாவது, கோவில் வீதியில் மேளகாரருக்கு இரண்டு மீற்றர் தள்ளி நின்று நானே எடுத்த நாதஸ்வரமும் இரட்டைத் தவிலும். இரண்டாவது, பழைய சினிமாப் பாட்டு ஒன்று, கெட்ட ஒலிப்பதிவு. நாங்கள் வீட்டில் கேட்பதில் பாதி கெட்ட ஒலிப்பதிவுதானே. மூன்றாவது, என் மனைவி முற்றத்தில் நின்று கோழிக்குத் தீன் போட்டபடி பக்கத்து வீட்டு அக்காவுடன் கதைத்தது.

மூன்றாவதைப் போட்டபோது மியூனிக்கில் ஒரு விற்பனையாளரின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஆனால் என் கைக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. நாற்பது வருடம் கேட்ட குரல். ஓர் அறையில் அவள் பானைக்குள் இருந்து பேசினாள். ஒன்றில் தடிமன் பிடித்தவள்போல் பேசினாள். மூன்று அறைகளில் ‘ச’ என்ற எழுத்தெல்லாம் துப்பலாக வந்து விழுந்தது. இன்னோர் அறையில் அவள் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த சுவரை உடைத்துக்கொண்டு அதற்கும் அப்பால் முற்றத்தில் நின்றாள். கோழி ஒன்று இடது பக்கம் ஓடியது. அந்தப் பெட்டியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டேன். உங்களுக்கு அம்மாவின் குரல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

தவிலில் கேட்கவேண்டியது வேறு. சத்தமாக இருக்கிறதா என்று பார்க்காமல், விரற்கூடு பட்ட பிறகு தோல் தோலாக ஒலிக்கிறதா, வெறும் பலகைத் தட்டாக முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு தவிலும் ஒன்றாக ஓடும் இடத்தில் எது இடது ஆள், எது வலது ஆள் என்று விரலால் காட்ட முடியவேண்டும். நாதஸ்வரம் மேலே ஏறும்போது காது சுருங்கினால் ஸ்பீக்கரின் நடு ஒலியில் ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறது. உண்மை நாதஸ்வரமும் காதைத் துளைக்கும், அது வேறு கதை. துளைப்பதற்கும் கீறுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல இடம் கொடுங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் மின்சாரமும் இல்லை, பட்டரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, 6 வோல்ட் டைனமோவிலிருந்து வானொலிக்கும் கெசற் செற்றுக்கும் மின்சாரம் எடுத்தோம். டைனமோ தருவது 3 வாட். அதற்கு நான்கு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டுக் கொடுப்பது என் வேலை. செய்திக்குப் பிரச்சினை இல்லை. பாட்டுக்குத்தான் சிக்கல்: சுற்றுகிற பையன் களைத்தால் பாடகரும் களைத்துவிடுவார். சுருதி மெல்ல மெல்ல இறங்கும். யாராவது அதட்டினால் துள்ளி ஏறும். இரண்டு மூன்று வருடம் அப்படிக் கேட்டதில், சுருதி அசைந்தால் என் பல் கூசும்.

மியூனிக்கில் ஒரு பெரிய அறை. இசைத்தட்டு ஓடுகிறது. தட்டுச் சுழற்றும் இயந்திரத்தின் விலை ஒரு நல்ல காரின் விலை என்று சொன்னார்கள். பியானோவின் நெடிய சுரம் ஒன்று எழுந்து நின்றபோது அது ஆடியது. கொஞ்சம்தான், ஒழுங்கான ஆட்டம்: இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரத்துக்கு ஒரு தரம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, தட்டின் ஓட்டை நடுவிலிருந்து மயிரிழை விலகியிருந்தால் ஊசி ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வெளியே போய்வரும், சுருதியும் கூடவே போய்வரும். தங்கையை மொழிபெயர்க்கச் சொல்லி மெல்ல அந்த மனிதரிடம் சொன்னேன். அவர் குனிந்து தட்டைப் பக்கவாட்டில் பார்த்தார், சிரித்தார், வேறு தட்டைப் போட்டார். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த விலைக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

விலைக் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மட்டம் வரை விலை கூடக்கூட ஒலி உண்மையாகவே நன்றாகும். அதற்கு மேல் மரவேலைக்கும் எடைக்கும் பெயருக்கும்தான் காசு. கம்பிக்கு என்னிடமிருந்து ஒரு சதமும் கிடைக்காது. 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியைக் கோவிலிலிருந்து சந்திவரை 300 மீற்றர் இழுத்தால் போக்கும் வரவுமாகத் தடை ஏறத்தாழ 7 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய சக்தியில் பாதியளவு வழியிலேயே கரைந்துவிடும். அதனால்தான் நாங்கள் மின்னழுத்தத்தைக் கூட்டி மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்பும் 100 வோல்ட் முறையில் கட்டுகிறோம். வீட்டில் 5 மீற்றர், 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி என்றால் தடை 0.07 ஓம். பாம்பு மொத்தத்தில் கம்பி விற்கும் மேசையை இந்த ஒரு கணக்கோடு கடந்துவிடலாம்.

ஆனால் குழாய் ஸ்பீக்கர் வைத்த அறைகளைத் தவறவிடாதீர்கள். ஆள் புகுந்து நிற்கும் வாயளவில் மரத்திலும் பிளாஸ்ரிக்கிலும் செய்த குழாய்கள். பின்னால் 300பி என்ற வால்வு (பழைய வானொலியில் இருந்த கண்ணாடிக் குமிழ் மாதிரி) போட்ட 8 வாட் அம்பிளிபயர். அந்த வால்வை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1938இல் கொண்டுவந்தது. 8 வாட்டில் என்ன கேட்கும் என்று சிரிக்கவேண்டாம். சாதாரணப் பெட்டி ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றரில் 85 டெசிபெல் தந்தால் நல்ல குழாய் 105 தரும். 20 டெசிபெல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வாட். நாங்கள் வேப்பமரத்தில் கட்டியதும் அதே சூத்திரம்தான். எங்கள் குழாயில் ஊர் கேட்டது, அவர்கள் குழாயில் உதட்டின் ஈரம் கேட்கிறது. அந்த அறையில் நான் ஒரு மணி நேரம் இருந்தேன். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இனி மாங்குளம். உங்கள் ஹோல் 6 மீற்றருக்கு 4.5 மீற்றர், உயரம் 3 மீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். தரை மாபிள், சுவர் பூச்சு, யன்னல் கண்ணாடி. நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டிப் பாருங்கள். சர்ரென்று ஓர் இழுவை திரும்பி வரும். அது அடங்காமல் எந்தப் பெட்டி வாங்கினாலும் அந்த இழுவையைத்தான் கேட்பீர்கள். பத்துச் சென்ரிமீற்றர்த் தும்பு மெத்தை இரண்டைச் சீலை போர்த்து, பக்கச் சுவர்களிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். தடித்த திரையும் புத்தக அலுமாரியும் மிச்ச வேலையைச் செய்யும். செலவு, வியன்னாவில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு மேல் அதிகம் வராது. பேஸுக்கு மெத்தை உதவாது. ஸ்பீக்கரையும் கதிரையையும் முன்பின் நகர்த்தித்தான் இடம் பிடிக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அங்கிருந்து தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்பதே என் எண்ணம். மின்சாரம் பிரச்சினை இல்லை, ஆஸ்திரியாவிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாறும். பழுதானால் யார் திருத்துவது? எங்கள் வெக்கையில் ஸ்பீக்கர் விளிம்பில் இருக்கும் பஞ்சு சில வருடங்களில் தூளாக உதிர்ந்துவிடும். றப்பர் விளிம்பா என்று அழுத்திப் பார்த்துக் கேளுங்கள். பெட்டி அமுக்கிய மரத்தூள் பலகை என்றால் கறையானுக்கு விருந்து, தரையோடு வைக்கவேண்டாம். வால்வு அம்பிளிபயர் சித்திரை மாதத்து ஹோலில் இன்னொரு அடுப்பு. உள்ளே பல்லி புகுந்து சுட்டுப்போன அம்பிளிபயர்களை நான் எண்ணிக்கை வைக்கவில்லை. இடி முழங்கினால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது.

நான் 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டில் இருக்கிறேன். அம்பிளிபயர் உள்ளேயே பொருத்திய, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்யும் சிறிய சோடி ஒன்று வைத்திருக்கிறேன், கொழும்பில் வாங்கியது. மனைவி அதில் கோழிக்குத் தீன் போடும்போது முற்றத்துக் கோழி திரும்பிப் பார்க்கிறது.

பயணத்துக்கு முன் ஏதாவது ஒரு கோவிலில் திருவிழா வரும். மேளகாரரிடம் கேட்டுவிட்டு, அவர் சுவாமியோடு வீதிக்கு வரும்போது பதிவு செய்யுங்கள். பக்கத்தில் குழாய் ஓடினால் பதிவு கெட்டுவிடும். ஒலிபெருக்கிக்காரரிடம் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். முடியாது என்றுதான் சொல்வார், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.